மணி அடிக்கலீங்க

ஜனவரி 9

அன்புள்ள சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. போன இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? புது ஆட்கள் முன்னால் வாயைக் கொஞ்சம் அடக்கியே வை. உன் வாய் எனக்குத் தெரியும்.

நீ போய் நான்கு வாரம் ஆகிறது. உன் அத்தான் இறந்தபோதுகூடக் கம்பெனி ஒரே ஒரு நாள்தான் நின்றது. நீ போனபின் ஒன்பது நாள் நின்றிருக்கிறது. பாய்லரில் நீராவி வந்தால்தான் அச்சு சூடாகும், அச்சு சூடானால்தான் ரப்பர் வேகும். பத்தொன்பது பேரும் காலையில் வந்து, ஆறிப்போன அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். நம்மிடம் ரப்பர் வாஷர் வாங்கும் பம்ப் கம்பெனிக்காரர்கள் வாஷர் எங்கே வாஷர் எங்கே என்று தினமும் கேட்கிறார்கள்.

உன் இடத்தில் பாய்லர் பார்க்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தேன், மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் பிரஷர் மீட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, "முள்ளு எங்கம்மா இருக்கு?" என்று என்னையே கேட்டார். இரண்டாமவர் நல்ல வேலைக்காரர். ஒரு நாள் வந்தார், மறுநாள் பெரிய கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மூன்றாமவர்தான் கெட்டிக்காரர். "நான் வரமாட்டேன், சர்டிபிகேட்ட மட்டும் அனுப்பறேன். செவுத்துல மாட்டிக்கங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். வெளியே போங்கள் என்றேன். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். பாய்லர் ஓட்டும் உன் சர்டிபிகேட் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தோன்றியது.

உன் புது இடத்தில் நகல் போதும் என்றார்களே. ஒரு ஆள் கிடைக்கும்வரை அது இங்கேயே இருக்கட்டுமா? தினசரிப் பதிவேட்டில் உன் கையெழுத்தை நானே போட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் உன் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கைதானே.

இதைப் போனில் பேசாதே. ஆபீஸில் கணக்கருக்குக் காது நீளம். கடிதமாகவே எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படியேறுவதைக் குறை.

சர்டிபிகேட் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு மாதம் இருக்கட்டும். அதற்குள் ஆளைப் பிடித்துவிடு.

யார் நின்றாலும் இதை மட்டும் சொல்லிவிடு. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டுக் கண் நகரக் கூடாது. காலையிலும் மதியமும் அதன் அடியிலுள்ள குழாயைத் திறந்து மூட வேண்டும். தண்ணீர் உடனே மேலேறி வந்தால்தான் கண்ணாடி உண்மை பேசுகிறது என்று அர்த்தம். ஒருவேளை கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால், பதறிப்போய்ப் பம்பைப் போட்டுத் தண்ணீர் விடக் கூடாது. காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் கட்டடமே மிஞ்சாது. முதலில் நெருப்பை வெளியே இழுத்துப் போட வேண்டும். நெருப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு.

இங்கே நாற்பது பேரில் ஒருவன் நான். யாரும் என்னைத் தேடுவதில்லை, அது ஒரு நிம்மதி.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவனுக்கு,

முழங்கால் தேவலை. நீ சொன்ன ஒத்தடம் வேலை செய்கிறது. இருமல் இருக்கிறது என்று போன முறை உன் எழுத்தே சொன்னது. கோணல் மாணலாக இருந்தது. மருந்து சாப்பிடு.

ஆள் வைத்துவிட்டேன். வெளியாள் இல்லை, நம் மூட்டை தூக்குபவர்தான். எது சொன்னாலும் "சரிங்க" என்பாரே, எல்லோரும் ‘சரிங்க’ என்றே கூப்பிடுவார்களே, அவர். பாய்லருக்கு விறகு போடுகிறவர், சூடு பழகியவர். வேறு யாரைக் கேட்டாலும் அடுப்புக் கதவைப் பார்த்தே பின்வாங்குகிறார்கள்.

உன் கடிதத்தை அவருக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். அவர் நெருப்பு முதலில், நெருப்பு முதலில் என்று பாடம்போல முணுமுணுத்துக்கொண்டார். முதல் வாரம் ஸ்டூலைக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "தண்ணி கொறைஞ்சு நான் பாக்காம விட்டுட்டா என்னங்க ஆகும்?"

"அதுக்குத்தான் மணி இருக்கே! தண்ணி கொறைஞ்சா அதுவே அடிச்சு ஊரைக் கூட்டிடும்" என்றேன். அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. இப்போது தைரியமாக இருக்கிறார். இடையிடையே எழுந்துபோய் விறகும் அடுக்குகிறார். ஆலையும் ஓடுகிறது. கவலையை விடு. இருமலைக் கவனி.

அக்கா


பிப்ரவரி 10
(உறையிலிட்டு, முகவரியும் எழுதி, தபாலில் சேர்க்காதது)

அக்கா,

அந்த மணி அடிக்காது.

நான்தான் அதன் ஒயரைக் கழற்றினேன். தண்ணீரோடு கீழே இறங்கி மணியை அடிக்க வைக்கும் மிதவையில் உப்புப் படிந்து மாட்டிக்கொள்ளும். தண்ணீர் நிறைய இருக்கும்போதே மணி அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் ஆட்கள் அச்சை விட்டு ஓடுவார்கள், பாதி வெந்த ரப்பர் குப்பைக்குப் போகும். நீ ஒன்றும் சொல்லாமல் வாசலில் வந்து நிற்பாய். அது திட்டுவதைவிடக் கொடுமை. ஒருநாள் மிதவையிலிருந்து வரும் ஒயரை எடுத்து, முனையில் டேப் சுற்றி, மணிப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதன்பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

எனக்கு மணி தேவைப்படவில்லை. பம்ப் சத்தம் மாறினாலே உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம். அந்தக் கர்வத்தை நான் இங்கே எடுத்து வந்துவிட்டேன், செத்த மணியை அங்கே விட்டு வந்துவிட்டேன்.

உடனே பாய்லரை நிறுத்து. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். பாய்லர் ஆய்வாளர் வருவார். சர்டிபிகேட் போகும், இந்த வேலையும் போகும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். இருமல் குறைந்துவிட்டது.

‘சரிங்க’ நல்ல மனிதர். அவரிடம் மணியை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல். அதற்கும் வயதாகிவிட்டது. கண்ணாடியைப் பார்க்கச் சொல். வேறொன்றும் இல்லை.

இங்கே பனி அதிகம். முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள சின்னவனுக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, இரண்டு அச்சுக்காரர்கள் ஒரே வாரத்தில் வேலையை விட்டார்கள். பெரிய கம்பெனிகள் வலை போட்டு அள்ளுகின்றன, நம் கையில் எஞ்சுவது வலைக்குத் தப்பியது மட்டும்தான்.

போன வியாழக்கிழமை எதற்கடா போன் செய்தாய்? சாப்பிட்டாயா என்றாய், மழை உண்டா என்றாய், பத்து நொடி மூச்சு விட்டாய், வைத்துவிட்டாய். மூச்சு விடுவதற்கா வெளியூர் போன்? ஏதாவது பெண் விஷயமா? இருந்தால் சொல், ஓடிப்போய்விடப் போவதில்லை நான்.

மணிக்கு வயதாகிவிட்டது என்று எழுதினாயே, அதை நான் அப்படியே விட்டுவிடவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெட்டியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தினார். அப்பப்பா, தெருக்கோடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ‘சரிங்க’ சிரித்துவிட்டார். இப்போது தினமும் காலையில் அந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்தி, காது குளிரக் கேட்டுவிட்டுத்தான் நெருப்பு மூட்டுகிறார். ஆகவே நீ நிம்மதியாகத் தூங்கு.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பெண் விஷயம் எதுவும் இல்லை. என்னை யார் கட்டிக்கொள்வார்கள்?

பட்டன் வேறு அக்கா, மிதவை வேறு. மே மாதம் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன். வந்து எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன். அதுவரை கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி.

தம்பி


மே 28

சின்னவனுக்கு,

நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு அட்டைகூடப் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே ஒரு விபத்து. பதினாறாம் தேதி. பம்ப் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கிவிட்டது. ‘சரிங்க’ கால் மணி நேரம் இடத்தில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி வெறுமையாக இருந்திருக்கிறது. பம்ப் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாராம். அப்போதுதான் நீ எழுதியது நினைவு வந்ததாம். அடுப்புக் கதவைத் திறந்து, எரிகிற கட்டையையெல்லாம் வாரியால் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது நெருப்புக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலும் முழங்கால்வரை வெந்துவிட்டது. ரப்பர் செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டில். மெக்கானிக் ஒருவர் பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நெருப்பை எடுத்த நேரத்தால் பிழைத்தது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பத்தொன்பது பேரில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். ஆய்வாளருக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? பதிவேட்டில் அன்று வேலை பார்த்தது நீயல்லவா!

ஒன்று உறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் அவர் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னார்: "மணி அடிக்கலீங்க." யாரும் நம்பவில்லை. மணி அடித்திருக்கும், ஆள் அசந்து தூங்கியிருப்பார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுநாள் பட்டனை அழுத்திப் பார்த்தேன், கணீரென்று அடித்தது. போய் அவரிடமே சொன்னேன், "மணி நல்லாத்தான் அடிக்குது. நீங்கதான் கேக்கலை போல" என்று. கூரையைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்றார்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்து மனம் மிகவும் வேதனைப்பட்டது. பாவம், வாயில்லாப் பூச்சி. விபத்து யாருக்கும் வரக்கூடியதுதான். அவர் மருந்துக்கு என்னால் ஆனதை அனுப்பியிருக்கிறேன், என் பெயர் சொல்ல வேண்டாம்.

மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு இப்போதெல்லாம் ஷிப்ட் மணி அடித்தால்கூட வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடுகிறேன். உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

இப்போது பாய்லரில் யார்? நிறுத்தித்தானே வைத்திருக்கிறாய்?

தம்பி


ஜூன் 20

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் உடம்புக்கு என்ன? டாக்டரிடம் போ. எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டுமா?

பழுது பார்த்த நாட்களோடு சரி, பிறகு நிறுத்தவில்லை. நிறுத்தினால் பம்ப் கம்பெனி வேறு ஆளிடம் போய்விடும், பிறகு கதவைச் சாத்த வேண்டியதுதான். நான் கேட்ட எல்லோரும் முடியாது என்றுவிட்டார்கள். அந்தக் காலைப் பார்த்தபின் யார் வருவார்கள்? அதனால் நான்தான் நிற்கிறேன். இன்றோடு பதினாறு நாள். கையெழுத்தும் என் கை, கண்ணும் என் கண்.

பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அடுப்புக்குள் கட்டை வெடித்தால் எனக்குள் ஏதோ வெடிக்கிறது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கண்ணாடியையே பார்த்தபடி நிற்கிறேன். ஆனால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? லாரி வந்தால் போக வேண்டும், போன் வந்தால் போக வேண்டும். நல்லவேளை, மணியாவது இருக்கிறது. அவர் தூங்கியிருப்பார், நான் தூங்கமாட்டேன்.

உன் அக்கா


ஜூன் 24

அக்கா,

இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது உனக்குப் போன் செய்து கத்தினேன். கணக்கர் கேட்டிருப்பார், கேட்கட்டும். நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டேன் என்று நீ சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை.

சொன்னதை எழுத்திலும் வைக்கிறேன். ஒயரைக் கழற்றியது நான். பிப்ரவரியில் எழுதி அனுப்பாத கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது என் பெட்டியிலேயே இருந்தது. இதே விவரத்தை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் என் கையெழுத்தோடு அனுப்பிவிட்டேன், இந்த முறை நிஜமாகவே என் கையெழுத்து. நான் அங்கே இல்லாத மாதங்களையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் வந்து பார்க்கும்வரை ஒரு சுள்ளிகூட மூட்டாதே. உனக்கும் கெடுதல் செய்கிறேன் என்று தெரியும். நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டு.

தம்பி


ஜூலை 5

சின்னவனுக்கு,

ஆய்வாளர் வந்தார். பெட்டியைக் கழற்றி, டேப் சுற்றிய ஒயரை எனக்கே எடுத்துக் காட்டினார். பாய்லருக்குச் சீல் வைத்துவிட்டார்கள். உன் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். என் மேலும் வழக்கு வரும். ஆட்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பம்ப் கம்பெனியிலிருந்து இப்போதெல்லாம் போன் வருவதில்லை.

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ‘சரிங்க’ வீட்டுக்குப் போனேன். தபாலாபீஸுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. கதவைத் திறந்தது அவருடைய அக்கா. வயதில் என்னைப்போல இருப்பார். காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், விரலெல்லாம் களிம்பு. நான் உட்காராமல் இரண்டையும் படித்துக் காட்டினேன்.

படித்துவிட்டு, உன்னிடமும் எழுதாத ஒன்றை அவர்களிடம் சொன்னேன். அன்று அந்தக் கால் மணி நேரம் அவர் எங்கேயும் சுற்றப் போகவில்லை. விறகு லாரி வந்தது. "மணிதான் இருக்குல்ல, வந்து எறக்குங்க" என்று கூப்பிட்டது நான்தான். கூப்பிட்டுவிட்டு, பிறகு எல்லோரும் தூங்கியிருப்பார் என்றபோது வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான். மணி அடிக்கவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குள் எங்கோ அது உண்மை என்று தெரிந்தே இருந்தது. நம்பினால் பாய்லரை நிறுத்த வேண்டும், அதனால் நம்பவில்லை. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை குறைவு. ஆனாலும் அக்கா என்பதால் ஒன்று சொல்கிறேன்.

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவர் அக்காதான் என்னிடம் கேட்டார், சத்தம் போடாமல்: "அவருக்கு மாசிக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரியும்."

"அப்புறம் ஏங்க இப்போ சொன்னாரு?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அந்த அம்மாவின் தம்பி அந்த நெருப்புக்கு முன்னால் நின்ற மூன்றரை மாதமும் உனக்குப் பனியும் இருமலும் எழுத இருந்தது. உன் அக்கா நிற்கிறாள் என்று தெரிந்ததும் உனக்குப் பத்தே நிமிடம்தான் ஆனது.

அந்த அம்மா இன்னும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார். நீ வந்து சொல். என் வீட்டுக்கு வருமுன் அங்கே போ.

அக்கா